பின்சீட்டில் இடது பக்கம்

பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில் சுபாஷ் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

முதல் ஷிப்டு முடிந்த கூட்டம் பைக்குகளில் கலைந்துபோயிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் மரநிழல். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எப்போதும்போல் புகைந்துகொண்டிருந்தன. குவார்ட்டர்ஸ் வாசலில் அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் சத்தமில்லாமல் வந்து நின்றதும், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கூட ஒரு நிமிடம் கையை நிறுத்திப் பார்த்தாள்.

பதினைந்து வருஷப் பழைய வண்டி. ஆனாலும் கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்துவதுபோல் கனமான ஒரு சத்தம் வரும். உள்ளே மரத்தகடு பதித்த டாஷ்போர்டு, தந்த நிறத் தோல் சீட்டுகள். பாலகுமாருக்கு அந்த வண்டியின்மேல் எவ்வளவு ஆசை என்று சுபாஷுக்குத் தெரியும்.

“இனிமே உன்னுதுடா.” சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

“உள்ள வா. ப்ரியா காபி கலக்கிட்டு இருக்கா.”

“இல்லடா, பஸ்ஸைப் புடிக்கணும்.”

“கோயம்புத்தூர் பஸ் ராத்திரிதானே?”

சுபாஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். தெருமுனை திரும்பும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசையாய் வைத்திருந்த வண்டியைப் பிரிகிற வருத்தம் என்று பாலகுமார் நினைத்துக்கொண்டான்.

இருவரும் ஒரே பேட்ச். சுரங்கத்தின் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதிரெதிர் குவார்ட்டர்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரும் ஏதாவது ஒரு வண்டியின் அடியில் படுத்திருப்பார்கள். மெக்கானிக்கிடம் விடுவது இருவருக்குமே பிடிக்காது. பாலகுமாரின் அப்பா சங்கரன்கோவிலில் இறந்தபோது, சேதி வந்த கொஞ்ச நேரத்திலேயே இதே காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, விடிய விடிய ஓட்டிக்கொண்டு போனவன் சுபாஷ். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவைக்குக் குடிபெயர்ந்த பிறகு, “வேற எவனும் இதை ஒழுங்கா வச்சுக்க மாட்டான், நீ எடுத்துக்கோ” என்று அவனாகவே போன் செய்தான். வாங்கிக்கொண்ட விலையும் ஒரு பேச்சுக்குத்தான்.

அன்று மாலை பாலகுமார் மனைவி சண்முகப்ரியாவை ஏற்றிக்கொண்டு மெயின் பஜார்வரை போய்வந்தான். ஸ்டியரிங்குக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கூடவே மெல்லிய மணிச் சத்தம்.

“என்னங்க அது?”

“பின்னாடி சீட்ல உட்கார்ந்திருக்கிறவங்க பெல்ட் போடலையாம்.”

ப்ரியா திரும்பிப் பார்த்தாள். பின்சீட் காலியாக இருந்தது.

“பழைய வண்டில்ல,” என்று பாலகுமார் சிரித்தான். “சென்சார் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, பழைய ஆயிலை இறக்கினான். தார் மாதிரி ஒழுகியது. பிரேக் பேட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு உள்ளே உட்கார்ந்து ஏசிக்குக் காற்று வடிகட்டும் பில்டரை உருவினான்.

அது ஈரமாக இருந்தது.

வெறும் ஈரம் இல்லை. மடிப்புக்கு மடிப்பு கறுப்புச் சேறு. நெய்வேலியில் நிலக்கரித் தூசு படியாத பொருள் கிடையாது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகூட மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். ஆனால் தூசு சேறாக வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். மாசி மாதம். பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை.

அவன் பின்பக்கம் போனான். இடது பக்கச் சீட்டில் கையை வைத்து அழுத்தினான். தோலின் தையலிலிருந்து தண்ணீர் கசிந்தது.

கூரைக் கண்ணாடியின் வடிகால் குழாய் அடைத்திருக்கும், எப்போதோ பெய்த மழை உள்ளே தங்கியிருக்கும் என்று முதலில் தோன்றியது. நைலான் நரம்பு ஒன்றை விட்டுப் பார்த்தான். குழாய்கள் சுத்தமாக இருந்தன. சீட்டின் கிளிப்புகளை விடுவித்து மொத்தமாகத் தூக்கி வெளியே எடுத்தான். அடியில் இருந்த கார்ப்பெட் சொதசொதவென்று ஊறிக்கிடந்தது. மூக்கை அருகே கொண்டுபோனான்.

அந்த வாடை அவனுக்கு நன்றாகத் தெரியும். சுரங்கத்தின் அடிமட்டத்திலிருந்து ராட்சத பம்புகள் இரவு பகலாக உறிஞ்சி வெளியே தள்ளும் தண்ணீரின் வாடை. பழைய மண்ணும் நிலக்கரியும் ஊறிய, கொஞ்சம் கந்தகம் கலந்த நெடி.

சீட்டையும் கார்ப்பெட்டையும் கழுவி, பின்கட்டில் வெயிலில் காயப் போட்டான். சாயங்காலம் மொறுமொறுவென்று காய்ந்ததும் திரும்ப மாட்டினான்.

மறுநாள் காலையில் சீட் நனைந்திருந்தது. இந்தமுறை முழுவதும் இல்லை. ஒருவர் உட்கார்ந்தால் படும் இடம் மட்டும்.

அவனிடம் ஒரு சின்ன ஸ்கேனர் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் சென்சார்கள் என்ன சொல்கின்றன என்பதை போனில் காட்டும். சொருகிப் பார்த்தான். முன்சீட் வலது, ஆள் உண்டு. அது அவன். முன்சீட் இடது, ஆள் இல்லை. பின்சீட் வலது, ஆள் இல்லை.

பின்சீட் இடது, ஆள் உண்டு.

இறங்கிப்போய், சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் நிற இணைப்பைக் கழற்றிவிட்டான். ஒயர் தனியாகத் தொங்கியது. திரும்பி வந்து போனைப் பார்த்தான்.

ஆள் உண்டு.

அவன் இன்ஜினியர். எலெக்ட்ரானிக்ஸில் கோளாறு என்றால் எதுவும் நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ப்ரியாவிடம் சொல்லவில்லை.

வண்டி மற்றபடி நன்றாகவே ஓடியது. ஒரு வாரம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தான். ஒரு மாலை ஜெனரல் ஷிப்டு முடிந்து திரும்பும்போது, பொழுது மங்கி, தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டினான். பழைய வண்டியை அப்படித்தான் படிக்க வேண்டும்.

டக்.

பின்னால், இடது பக்கத்திலிருந்து.

டக். டக்.

கதவின் உள்பக்கக் கைப்பிடியை யாரோ இழுத்துவிடும் சத்தம். பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். இருட்டில் கைப்பிடி தானாக வெளியே வந்து, திரும்ப உள்ளே போனது.

காரின் உள்ளே திடீரென்று குளிர்ந்தது. கண்ணாடிகளில் ஆவி படர்ந்தது. அந்தச் சுரங்கத் தண்ணீரின் நெடி மூக்கில் ஏறியது. அவனுடைய காதுக்குப் பின்னால், களைத்துப்போன ஒரு பெண் குரல் கேட்டது.

“ஐயா... ஆஸ்பத்திரி வந்துடுச்சுங்களா?”

அவன் பிரேக்கை மிதித்த வேகத்தில் வண்டி குலுங்கி நின்றது. கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். பின்சீட்டில் யாரும் இல்லை. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர், “என்ன சார், ஏதாவது பிரச்சனையா?” என்றார். “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு வீட்டுக்கு நடந்தே போனான்.

மறுநாள் பட்டப்பகலில் போய் எடுத்துவந்தான். நல்ல வெளிச்சத்தில் அந்தக் கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்ற உட்கார்ந்தான். கைப்பிடியை இழுத்தால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. ஏன் என்று தெரிய வேண்டும். பிரித்துப் பார்த்தால் எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பது அவனுடைய இத்தனை வருஷ நம்பிக்கை.

திருகாணிகளை எடுத்து, பலகையைக் கீழிருந்து நெம்பி இழுத்தான். காரணம் இருந்தது.

பூட்டையும் கைப்பிடியையும் இணைக்கும் கம்பி அறுந்திருக்கவில்லை. யாரோ அதைப் பொறுமையாக அதன் கொக்கியிலிருந்து கழற்றி, பின்னுக்கு மடக்கி, சிவப்பு நிற பிளாஸ்டிக் கட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டின் மிச்ச நுனி சாய்வாக நறுக்கி, கை கீறாமல் இருக்க நெருப்பில் லேசாகச் சுட்டு மழுக்கப்பட்டிருந்தது.

நெய்வேலியிலேயே அப்படிச் செய்கிற ஆள் ஒருவன்தான். இருபது வருஷம் பக்கத்தில் படுத்து அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறான் பாலகுமார்.

பலகையைத் திருப்பினான். கைவைக்கும் இடத்தில் தோல் மட்டும் மற்றதைவிடப் புதிதாக இருந்தது. ஓரத்தில் நெம்பி உரித்தான். அடியில் இருந்த பழைய தோல் முழுக்கக் கீறல்கள். நகத்தால் பிறாண்டிய கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கதவின் அடிக்குழியில் கையை விட்டபோது விரலில் ஏதோ குத்தியது. உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை நிறம்.

துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சுபாஷைக் கூப்பிட்டான்.

“சொல்றா, வண்டி எப்படி இருக்கு?” என்றான் சுபாஷ் உற்சாகமாக.

“இடது பக்கப் பின்கதவை ஏன்டா கட்டி வச்சே?”

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது அணைந்தது. ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். 

“இன்னும் கேக்குதா?” என்றான் சுபாஷ்.

 அந்த நிமிடம்வரை, ஏதாவது ஒரு சமாதானம் வரும் என்று பாலகுமாரின் மனதின் ஒரு மூலை காத்திருந்தது.

“யாருடா அது?”

“பேர் தெரியாது.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மழை. விருத்தாசலம் பக்கம் ஒரு விசேஷத்தில் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான் சுபாஷ். கம்மாபுரம் தாண்டி, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓரமாக நடந்துபோன ஒரு பெண்மேல் வண்டி மோதிவிட்டது. அவள் சாகவில்லை. அவன்தான் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தான். நல்ல மனுஷனாக இருக்கிறீர்கள் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாளாம். டவுன்ஷிப் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் வந்தால், மழையிலும் போலீஸ் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. பதவி உயர்வு வரவேண்டிய நேரம். வண்டியைத் திருப்பிவிட்டான்.

“திருப்பி எங்கடா போனே?”

“எங்கயும் போகல. சுத்திட்டே இருந்தேன். ஆஸ்பத்திரி வந்துடுச்சான்னு கேட்டுட்டே இருந்துது. இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சுன்னு சொல்லிட்டே ஓட்டினேன். கதவைத் திறக்கப் பார்த்துது. லாக் பண்ணிட்டேன்.” அவன் மூச்சு வாங்கினான். “கடைசில கேக்கறதை நிறுத்திடுச்சு. மைன்ஸ் தண்ணி போற வாய்க்கால் இருக்குல்ல, அந்தப் பாலத்துக்குக் கீழ...”

பாலகுமாருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. “எங்க அப்பா செத்தது அதுக்கப்புறம்தானே? இதே வண்டிலதானேடா ப்ரியாவை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனே?”

“வலது பக்கம்தான் உட்காரச் சொன்னேன்,” என்றான் சுபாஷ்.

உண்மைதான். ஸ்பிரிங் போயிருக்கு, இடது பக்கம் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அன்று ப்ரியா அந்த அக்கறையை மெச்சினாள்.

“எனக்கு ஏன்டா குடுத்தே?”

“ஒரு சாமியாடிகிட்ட கேட்டேன். சும்மா வித்தா போகாதாம். உன்னை முழுசா நம்புற ஒருத்தர் சந்தோஷமா வாங்கிக்கணும், அப்பதான் உன்னை விட்டு இறங்கும்னார்.” அவன் குரல் தழுதழுத்தது. “அப்படி எனக்கு உன்னை விட்டா வேற யாருடா இருக்கா?”

பாசத்தோடுதான் சொன்னான். அதுதான் பாலகுமாரால் தாங்க முடியாததாக இருந்தது.

“பயப்படாத. ஒண்ணும் பண்ணாது. கேட்டுச்சுன்னா, ‘இதோ வந்துடுச்சு’ன்னு சொல்லிடு. கொஞ்ச நாள் சும்மா இருக்கும். கதவு மட்டும் திறந்துடக் கூடாதுன்னு கம்பியைக் கட்டிட்டு, நான் மூணு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்னால் ப்ரியா நின்றுகொண்டிருந்தாள்.  எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“வண்டி இப்ப உங்க பேர்ல இருக்குங்க,” என்றாள். “போலீசுக்குப் போனா யாரை முதல்ல கேப்பாங்க? எங்கயாவது ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துடுங்க.”

வாசலில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கதவின் பலகை இன்னும் தரையில்தான் கிடந்தது. கதவின் இரும்பு எலும்புக்கூடு மட்டும் திறந்து நின்றது. அவன் பலகையை எடுத்து வைத்து மாட்டினான். கைப்பிடிக் கம்பியின் சிவப்புக் கட்டை அறுத்து, கொக்கியில் சேர்த்துவிட்டுத்தான் மாட்டினான். பிறகு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தான். எங்கே ஓட்டிப்போவது என்று தெரியவில்லை. ப்ரியா ஜன்னலோரம் குனிந்து நின்றாள்.

மணி ஒலித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஐயா.” பின்னாலிருந்து. “ஆஸ்பத்திரி வந்துடுச்சுங்களா? எவ்ளோ நேரமா போய்க்கினே இருக்கீங்க...”

ப்ரியாவுக்கும் கேட்டது. அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

“சொல்லிடுங்க,” என்று கிசுகிசுத்தாள். “அவர் சொன்ன மாதிரியே சொல்லிடுங்க.”

பாலகுமார் சொல்லிவிட்டான். பயம்தான். வேறெதுவும் இல்லை.

“இதோ... வந்துடுச்சும்மா.”

பின்சீட்டின் தோல் மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்வதுபோல.

“நல்லா இருப்பீங்க ஐயா,” என்றது குரல். “புள்ள குட்டியோட நல்லா இருப்பீங்க.”

பாலகுமார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். பிறகு சாவியைத் திருகினான். ப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நகரு” என்றான்.

ஆஸ்பத்திரி நேர் ரோட்டில்தான் இருந்தது. வழியெல்லாம் அவன் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவசரப் பிரிவின் போர்ட்டிகோ வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இடது பக்கப் பின்கதவைத் திறந்துவிட்டான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், காலி சீட்டைப் பார்த்து, “ஆஸ்பத்திரி வந்துடுச்சும்மா” என்றான்.

யாரும் இறங்கவில்லை. எதுவும் அசையவில்லை.

உள்ளிருந்து ஆயாம்மா ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். கனகம் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. காருக்குள் குனிந்து பார்த்தவள் அவனை முறைத்தாள்.

“இன்னா சார் நீங்க? அடிபட்டவங்கள இப்பிடியா ஒக்கார வெச்சி இட்டாருவாங்க? எப்பிடி நனைஞ்சி கெடக்காங்க பாருங்க.”

பாலகுமார் வழிவிட்டு ஒதுங்கினான்.

“மெதுவா, மெதுவா. என் தோளப் புடிச்சிக்கம்மா.” கனகம் குனிந்து நிமிர்ந்தாள். பாரம் தாங்கியதுபோல் அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். நாற்காலியின் இருக்கை அமுங்கியது. அவள் தள்ளிக்கொண்டு போனாள். சிமெண்டுத் தரையில் இரண்டு ஈரக் கோடுகள் நீண்டுகொண்டே போயின.

அவன் அந்தக் கோடுகளைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான்.

“பேரு இன்னாம்மா?” கனகம் நடந்தபடியே குனிந்து காதைக் கொடுத்தாள். “செங்கமலமா? சிஸ்டர், செங்கமலமாம், எழுதிக்குங்க.”

மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலை நிமிர்ந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கனகத்தைப் பார்த்தாள்.

“யாரு கனகம்?”

கனகம் குனிந்து பார்த்தாள்.

காலி நாற்காலி. அதன் துணியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கை மெல்ல மேலே போய்த் தன் தோளைத் தொட்டது. சட்டையில் ஐந்து விரல்களின் ஈரம்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான் பாலகுமார். பேய் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. வளையல் துண்டுகளையும், கீறல் விழுந்த தோலையும், அவனுடைய போன் தானாகவே பதிவு செய்துவைத்திருந்த சுபாஷின் பேச்சையும் கொடுத்தான். கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் செங்கமலம் என்ற பெண் மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போயிருந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு அடியில் படிந்திருந்த நிலக்கரி வண்டலை அள்ளியபோது எலும்புகளும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன.

சுபாஷைக் கோவையிலிருந்து அழைத்துவந்த அன்று ஸ்டேஷன் தாழ்வாரத்தில் இருவரும் எதிரெதிரே நிற்கும்படி ஆனது. சுபாஷ் அவனையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“நீ போய் இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கவே இல்லடா. உன்னைத்தானே நம்பினேன்?”

 அதே கேள்வி பாலகுமார் வாயிலும் இருந்தது. சுபாஷ் முந்திக்கொண்டான்.

கேன்டீனில் பழைய பேட்ச் ஆட்கள் பாலகுமார் உட்கார்ந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். செத்தவள் செத்துவிட்டாள், கூடப் பழகினவனைக் காட்டிக்கொடுக்கலாமா என்று யாரோ சொன்னது அவன் காதுக்கும் வந்தது.

பாலகுமாரும் ப்ரியாவும் ஸ்டேஷனுக்குப் போயிருந்த ஒரு நாள், வளாகத்தில் நின்ற காரைப் பார்க்க செங்கமலத்தின் மகள் வந்தாள். சங்கீதா என்று பேர். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பின்சீட்டின்மேல் கையை வைத்தாள். அது காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அது நனையவே இல்லை.

“எங்கம்மா ஒரு கொத்தனாரோட ஓடிப்போயிடுச்சின்னு ஊரே சொல்லிச்சி சார்,” என்றாள். “அந்தாளும் அதே சமயம் ஊர விட்டுப் போயிருந்தான். நானும் நம்பிட்டன். என் கல்யாணப் பத்திரிகையில அம்மா பேரு போட வேணாம்னு சொன்னதே நான்தான். அது கட்டிக்கினு இருந்த பொடவையெல்லாம் அள்ளிக் குப்பையில போட்டன்.” சீட்டின் தோலைத் தடவினாள். “வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்துருக்கு.”



சித்திரையில், கிடைத்த எலும்புகளுக்குக் காரியம் செய்தார்கள். சங்கீதா போன் செய்து கூப்பிட்டிருந்தாள். இருவரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத சூடு.

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. ஆனால் அதற்குக் கீழே யாரும் இல்லை. வந்த ஜனம் மொத்தமும் தெருவின் எதிர்ப்பக்கம், வெயிலில், ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றது. பெண்கள் முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள்.  ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா சட்டென்று அதை மார்போடு அணைத்து அடக்கினாள்.

“என்னாச்சுங்க?” என்று ப்ரியா ஒருத்தியிடம் கேட்டாள். அவள் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

ரோட்டிலிருந்து வாசலை நோக்கிக் காய்ந்த காலடிகள் போயிருந்தன. வெறும் கால். கறுப்பு வண்டல் அப்பிய தடங்கள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்த நடை. வாசற்படிக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், ஈரம் காயாத இரண்டு பாதத் தடங்கள் சேர்ந்து நின்றிருந்தன.

அதற்கு மேல் உள்ளே போன தடம் இல்லை.

திரும்பிப் போன தடமும் இல்லை.

படிக்கு அந்தப் பக்கம் சங்கீதா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவளுக்கு முன்னால் ஆள் நிற்கும் உயரத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

“உள்ள வாம்மா. காத்தாலேருந்து கூப்புட்டுக்கினே இருக்கன்ல... தப்பா நெனைச்சிட்டம்மா. உள்ள வாம்மா.”

ப்ரியா கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

அந்த வெயிலில், சற்றுமுன் யாரோ தரையில் கொட்டிய ஒரு செம்புத் தண்ணீர்கூட உலர்ந்து சுவடில்லாமல் போயிருந்தது. அந்த இரண்டு தடங்கள் மட்டும் உலரவில்லை. பாலகுமார் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரமாக நிற்கும் ஒருவர் கால் மாற்றி நிற்பதுபோல, இடது தடம் மெல்ல வெளிறியது. வலது தடத்தின் விளிம்பிலிருந்து புதிதாகத் தண்ணீர் கசிந்து பரவியது.